மஞ்சள் விளக்கு எரியும்வரை

ஹாவரிலிருந்து விடியுமுன் கிளம்பினேன்.
நாலு மணி நேரம். வழியெல்லாம் பனி.
ஒரு மான் செத்துக்கிடந்தது,
ஒரு லாரி தாண்டிப் போனது,
அவ்வளவுதான் உலகம்.

ஹெலினாவில் சட்டமன்றத்து அறை ரொம்பச் சூடு.
பெயர் எழுதச் சொன்னார்கள்: டார்லா ஹௌகன்.
தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுவது.
ஆதரவா, எதிர்ப்பா?
எதிர்ப்பு.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
விளக்குக்கு அடங்கியே சம்பாதிக்கிறவள் நான்.
பழக்கம்தான்.

மசோதாவுக்கு அழகான தலைப்பு:
பொதுமக்கள் பாதுகாப்பு, மனநல மீட்பு.
பாதுகாப்பு என்ற சொல்லுக்குள்ளேயே
ஒரு காப்பு இருக்கிறது,
கையில் பூட்டுவது.
பதினாறாம் பக்கத்தில் 'மருந்தை மறுப்பவர்'.
அடுத்த வரியிலேயே 'குற்றவாளி'.
நடுவே மூச்சுவிட ஒரு காற்புள்ளி இல்லை.

பேசினேன்.
என் தம்பி வெண்டல்
தானியக் கிடங்கு வாசலில்
சட்டையில்லாமல் நின்று
ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணி முடிக்க விட்டிருந்தால்
வீட்டுக்கு வந்திருப்பான். எப்போதும் வருவான்.
போலீஸ் வந்தது.
தோளைத் தொட்டார்கள். தட்டிவிட்டான்.
அந்தத் தட்டல்தான் வழக்கு.

மருத்துவமனையில் கட்டில் காலியாகட்டும்
என்றார் நீதிபதி.
தொண்ணூற்று மூன்று நாள்
மாவட்டச் சிறையின் கான்கிரீட்டில் படுத்து
கட்டிலுக்குக் காத்திருந்தான்.
சோப்புக்குத் தனியாக எனக்கு பில் அனுப்பினார்கள்.
நாலு டாலர் இருபது சென்ட்.
கொண்டுவந்திருக்கிறேன், யாராவது பார்க்கிறீர்களா?

மூன்றாவது நாற்காலிக்காரர்
பிஸ்கட் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்,
சத்தம் வராமல், மரியாதையாக.

மஞ்சள்.

வெளியே வந்தவன் ரயிலை எண்ணவில்லை.
எதையும் எண்ணவில்லை.
குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சிவப்பு.
நன்றி அம்மா, என்றார் தலைவர்.
இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது.
வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

அடுத்து ஆதரவுப் பக்கம், ஜோலீன் பெக்வித்.
மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.
பில்லிங்ஸில், பெட்ரோல் பங்கில்,
குரல்கள் கேட்கிற ஒருவன், கத்தி.
அவளுக்கும் இரண்டே நிமிடம்.
பையன் ட்ராம்போன் வாசிப்பதைச் சொல்லத் தொடங்கினாள்,
சிவப்பு.

வெண்டலைப் பூட்டினால் உன் கணக்கு தீருமா
என்று வராந்தாவில் கேட்டிருப்பேன்.
படத்தில் அந்தப் பையன்
பல்லுக்குக் கம்பி போட்டிருந்தான்.
கேட்கவில்லை.

பதினொன்றுக்கு ஏழு. நிறைவேறியது.
எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டார்கள்.

குளிரில் என் பேட்டரி செத்துப்போயிருந்தது.
ஜோலீன்தான் வந்தாள்,
வண்டியை மூக்கோடு மூக்காக நிறுத்தி
கம்பியை எடுத்தாள்.
"சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பை இரும்பில் மாட்டு."
இரண்டு பேருக்கும் கையுறை இல்லை.
"எத்தனை பெட்டி எண்ணுவான்?"
"கோதுமைக் காலத்தில் நூற்றுப்பத்து வரும்."
இஞ்சின் பிடித்துக்கொண்டது.
கம்பியைச் சுருட்டியபடி
"ஜெயித்துவிட்டோமாம்" என்றாள்,
யாரோ யாரைப் பற்றியோ சொன்ன சேதியைப் போல.

ஹாவருக்கு முந்தைய ரயில் கடவையில்
பிள்ளைகள் இல்லாத வண்டியிலும் நின்றேன்,
தொழில் பழக்கம்.
கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன்.
தூரத்தில் வந்துகொண்டிருந்தது.
எண்ணத் தொடங்கினேன்.
அறுபத்தெட்டில் தப்பிப்போனது.