போலே

கிளிமஞ்சாரோவுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
தோஹாவில் மலை இல்லை.
மணலைக் குவித்தால்கூட
சாயங்காலம் லாரி வந்து அள்ளிப்போய்விடும்.
எனக்கு இருப்பது
வெஸ்ட் பேயில் நாற்பத்திரண்டு மாடி,
ஒன்பது லிஃப்ட்,
யாரும் மிதிக்காத ஒரு படிக்கட்டு.

ஒன்பது லிஃப்டும் என் பொறுப்பு.
கயிற்றுக்கு எண்ணெய், கதவுக்கு சென்சார்.
நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு
இன்டர்காமில் மூன்று பாஷையில் என் குரல்:
பயப்பட வேண்டாம், காற்று வரும்.
பதினாலு வருஷமாக உயரம்தான் பிழைப்பு.
கால் மட்டும் நகர்ந்ததில்லை.

ஷிஃப்ட் முடிந்து ஏறுகிறேன்.
முதுகில் பத்து கிலோ பொன்னி அரிசி, இரண்டு மூட்டையாக.
ஆறாம் மாடிக்கு மேல் படிக்கட்டில் ஏசி கிடையாது.
ஆகஸ்டில் சுவரும் வியர்க்கும்.
பதினேழில் குப்பை போட வந்த லெபனான்காரம்மா
என்னைப் பார்த்து வெளிறிப்போனாள்.
லிஃப்ட்காரனே படியில் போகிறான் என்றால்?
இருட்டுவதற்குள் மூன்று புகார்.
சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்:
"ஏறு, வேணாங்கல. கம்பெனி சட்டையைக் கழட்டிட்டு ஏறு."

வழிகாட்டி மோஷியிலிருந்து குரல் அனுப்புகிறார்.
எலியாகிம் என்று பெயர். பின்னால் ஒரு சேவல் எப்போதும்.
தண்ணீர் நாலு லிட்டர் குடி.
மேலே காற்று பாதிதான்.
(அங்கே எனக்கு இன்டர்காமில் யார் பேசுவார்?)
எதைச் சொன்னாலும் கடைசியில்
போலே போலே.
மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம் அவர் பாஷையில்.
என் பாஷையில் அது வேறு.
படிக்கட்டு, மலை போலே.
அரிசி, கூடாரம் போலே.
நாற்பத்திரண்டைத் தொட்டு நிற்கிறேன்
எங்கோ போய்ச் சேர்ந்தவன் போலே.

குளிருக்கு பிரிட்டோ இருக்கிறான்.
இண்டஸ்ட்ரியல் ஏரியா, மீன் கிடங்கு, மைனஸ் பதினெட்டு.
வெள்ளிக்கிழமை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான்.
நெய்மீன் பெட்டிகளுக்கு நடுவில்
தள்ளுபடியில் வாங்கிய ஜாக்கெட்டோடு நின்றேன்.
எட்டாம் நிமிடம் மூக்கு என்னுடையதாக இல்லை.
பதினொன்றில் கதவைத் தட்டிவிட்டேன்.
அவனுக்கு அதற்குள் தினமும் ஒன்பது மணிநேரம்.
"உச்சியில எவ்வளவு நேரம் நிப்ப?"
பத்து நிமிஷம் விடுவாங்களாம்.
அவன் சிரிக்கவில்லை.
தன் கையுறையைக் கழற்றினான்,
மோந்து பார்த்தான், இன்னொரு தடவை மோந்தான்.
"நாத்தம் போவாது. ஆனா விரல் இருக்கும்."

படிவத்தில் நாலாம் பக்கம்.
ஆறாயிரம் மீட்டர் வரை காப்பீடு உண்டா,
ஹெலிகாப்டர் சேருமா,
உடலை எங்கே அனுப்ப வேண்டும்.
கடைசிக் கேள்விக்குப் பேனா நிற்கவேயில்லை.
வந்த முதல் வாரமே
வேறொரு படிவத்தில் எழுதிப் பழகிய விலாசம்,
பின்கோடு உட்பட.

உலகம்மாளிடம் செலவைப் பாதிதான் சொன்னேன்.
ஏன் போகிறாய் என்று கேட்காதவள் அவள் ஒருத்திதான்.
கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடியது. நின்றது.
"இறங்குறதுக்கும் சேத்துத்தான காசு?"
சேத்துத்தான்.
"அப்ப சரி. பாத்ரூம் டைல்ஸ தையில போட்டுக்கலாம்."

நாளை விமானம்.
இறக்கம்தான் ஆளைத் தின்னும் என்கிறார் எலியாகிம்,
கால் நகத்தை ஒட்ட வெட்டு,
இல்லாவிட்டால் பூட்ஸ் முனையில் இடித்துக் கறுத்துவிடும்.
மேல்கட்டிலில் ஜாவேத் குறட்டை.
பழைய பேப்பர் விரித்து வெட்டுகிறேன்.
ஒன்பது விரல் ஒழுங்காக விழுந்தது.
சுண்டுவிரல் நகம் மட்டும்
தெறித்து எங்கோ போய்விட்டது.
புது ஹெட்லாம்ப்பை நெற்றியில் மாட்டி
முதல்முறையாகப் போடுகிறேன்.
கட்டிலுக்கடியில் முட்டிபோட்டு,
அரிசி மூட்டைகளை நகர்த்தி,
தேடுகிறேன்.