ஏழு குறைவு

கரும்பலகையில் நான்காம் கணக்கை
நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே
வேலுமதி பத்தையும் முடித்திருப்பாள்.
இன்னும் பத்து கொடுப்பேன்.
வேகத்துக்கு அபராதம் அது என்று
அப்போது உறைக்கவில்லை.

ஆடியில் தப்பும் தவறுமாகப் போட ஆரம்பித்தாள்.
பூம்பாறை மூட்டம் ஜன்னலில் ஏறி நின்ற ஒரு மாலை
நோட்டைத் திருத்துகையில்தான் பார்த்தேன்:
எல்லா விடையிலும்
சரியாக ஏழு குறைவு.
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

மறுநாள் அவளுக்கு ஒன்றே ஒன்று.
"பள்ளிக்குக் கீழே அந்தப் பூண்டுத் தோட்டம்,
வரப்பு எங்கேயும் நேராகப் போகாது.
பரப்பு எவ்வளவு?"
"விடை என்ன சார்?"
"எனக்குத் தெரியாது."
அன்றுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று நாள் ஒரு எண்கூட எழுதவில்லை.
ஸ்வெட்டர் கையைக் கடித்தபடி
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்;
மற்றவர்கள் பின்னத்தில் இருந்தார்கள்.

நான்காம் நாள்:
"நாலு விரல் விட்டுத்தான் பல் ஊன்றுவாங்க சார்.
மொத்தம் எத்தனை பல்லுன்னு எண்ணினா போதும்."

போதாது.
வரப்போரப் பல்லுக்கு
அரைக் கட்டம்தானே இடம்,
சிலதுக்கு அதுவும் இல்லை.
அதை எப்படிச் சேர்ப்பது?

கீழே கொடைக்கானல் பஸ்
இரண்டாம் தடவை ஹாரன் அடிக்கிறது.
வேலுமதிக்குக் காது கேட்கவில்லை.