நாற்பத்து மூன்றாம் பக்கம்

செக்காலை நூலகத்தில்
புதுவரவு அலமாரியிலிருந்து
அதை முதலில் எடுத்தது நான்தான்.
அட்டையில் ஒரு பெண், என் வயது,
கையில் கரண்டி, பின்னால் நெருப்பு,
நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.
அப்போதே வைத்திருக்கலாம்.

செட்டிநாட்டில் சமையல் போட்டி.
பதினாறு பேர், ஏழு சுற்று, ஒரு கிரீடம்.
நாயகி மிதுனா சென்னையிலிருந்து வருகிறாள்.
கானாடுகாத்தானில் அரண்மனை மாதிரி வீடு,
முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அடுப்பு.
பக்கத்துக்குப் பக்கம் கல்பாசி.
காபியில் மட்டும்தான் போடவில்லை.

கவுனி அரிசியை
இருபது நிமிடத்தில் வேகவைத்து இறக்கினாள்.
எங்கள் வீட்டில் அது ராத்திரி முழுக்க ஊறி
காலையில் ஆறு விசிலுக்கும் மசியாமல்
முறைத்துக்கொண்டு கிடக்கும்.
சரி, கதைதானே என்று விட்டேன்.

வெள்ளைப் பணியாரத்தைக்
குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றியபோது
புத்தகத்தை மூடிவிட்டு
ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அதைத் தின்று நடுவர் அழுகிறார்.
நானும் அழுதிருப்பேன், வேறு காரணத்துக்கு.

அழகம்மையிடம் சொன்னதற்கு
"உனக்குப் பொறாமைடி" என்றாள்.
இருக்கலாம்.

போன தை மாதம் தேவகோட்டையில்
ஒரு கல்யாண மண்டபத்தில்
மசாலாக் கம்பெனி நடத்திய போட்டிக்கு
நானும் போயிருந்தேன்.
வெள்ளைப் பணியாரம்தான்.
தலைதட்டிய உழக்கு அரிசி, அதன்மேல்
கோபுரமாக நிற்கும் மட்டும் உளுந்து,
எல்லாம் சரி.
மாவில் ஒரு கை தண்ணீர் கூடிவிட்டது.
ஊற்றியதும் எண்ணெயில் விரிந்து விரிந்து
எந்தப் படத்திலும் இல்லாத ஒரு தீவாகி
வாணலி ஓரத்தில் ஒதுங்கியது.
நடுவர் அழவில்லை.
கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு
"அடுத்தது" என்றார்.

அதனால்தானோ என்னவோ
எனக்கு அந்த நாவலில் வேண்டியிருந்தது மிதுனா இல்லை,
நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
முதல் சுற்றிலேயே போய்விடுகிற வள்ளிக்கண்ணு.
கோழியில் உப்பு கூடிவிட்டது அவளுக்கு.
ஒரே வரி:
அவள் தலைகுனிந்தபடி வெளியேறினாள்.

வெளியேறி?
எந்த பஸ்?
அந்தக் கோழியை என்ன செய்தாள்?
ஏனம் சொந்தமா, இரவலா,
தேய்க்காமலே பையில் வைத்தாளா?
குழம்பு சிந்துகிறதென்று கண்டக்டர் கத்தினாரா?
வீட்டில் "என்னாச்சு" என்று கேட்பதற்குள்
சொல்ல என்ன தயார் செய்துகொண்டு போனாள்?

கடைசிப் பக்கம் வரை தேடினேன்,
இறுதிச் சுற்றில் கைதட்டும் கூட்டத்திலாவது
ஒரு மூலையில் நிற்கிறாளா என்று.
மிதுனா ஜெயித்தாள்,
தோற்ற பையனைக் காதலித்தாள்,
பாரிஸுக்கு விமானம் ஏறினாள்.
இருநூற்றுப் பத்துப் பக்கத்தில்
கையில் ஒரு கொப்புளம் இல்லை.

நான் வந்த பஸ்ஸில்
ரஸ்தாவில் ஒரு அக்கா ஏறினார், மடியில் ஆட்டுக்குட்டி.
என் ஹாட்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
திறந்து நீட்டினேன்.
மூன்று தின்றார்.
"சட்னி இல்லையா?" என்றார்.
அன்றைக்கு என் பணியாரத்தைப் பற்றி
யாரும் கேட்ட ஒரே கேள்வி அது.
குட்டிக்கும் ஒரு விள்ளல் கொடுத்தோம், துப்பிவிட்டது.

நேற்று திருப்பிக் கொடுத்தபோது
சொர்ணலிங்கம் சார் விரலால் புரட்டி
சரியாக நாற்பத்து மூன்றில் நிறுத்தினார்.
"என்னம்மா, மஞ்சக்கறை?"
"சமையல் கதைதானே சார்."
அபராதம் ஐந்து ரூபாய், சில்லறையாக.

கறைக்குப் பக்கத்தில்
அந்த ஒற்றை வரிக்குக் கீழே
பென்சிலில் நான் சேர்த்திருந்ததை
கண்ணாடி போடாததால் அவர் பார்க்கவில்லை:

உட்கார இடம் கிடைத்தது.