ஜூனில் வந்த கிறிஸ்துமஸ்

டர்பன் துறைமுகத்தில் ஐந்து மாதம்
ஏதோ ஒரு முத்திரைக்காகக் கிடந்தன பெட்டிகள்.
மொகோட்லொங்குக்கு லாரி ஏறி வந்தபோது
கிறிஸ்துமஸ் போய், ஈஸ்டரும் போய்,
மலைப்பாதையில் பனி விழத் தொடங்கியிருந்தது.

அதுவும் நல்லதுக்குத்தான்.
டிசம்பரில் இங்கே வெயில் கொளுத்தும்.
நார்வேக்காரர்களுக்கு யார் சொல்வது,
அவர்கள் பனி அள்ளும் நாளில்
எங்கள் பீச் மரம் காய்த்துத் தொங்குகிறதென்று?

நாற்பத்தொரு பெட்டி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
கணக்கு போன வருஷத்தது.
இரண்டு பேரைச் சித்தி வந்து அழைத்துப் போனாள்.
மூன்றாவது பிள்ளையைப் பற்றி
இன்னொரு நாள் சொல்கிறேன்.

கூடவே ஒரு படிவம்:
பெட்டியைத் திறந்து பிள்ளை சிரிக்கும் கணத்தில்
ஒரு புகைப்படம் தேவை.

மொசியுவா சிரிக்கவில்லை.
ஒவ்வொன்றாய் எடுத்துத் தரையில் கடை பரப்பினான்.
பல்துலக்கி. வண்ணப் பென்சில்.
பேட்டரி இல்லாத டார்ச்.
கம்பளிக் கையுறை ஒரு சோடி,
நீலம்; இடது கட்டைவிரல் மட்டும் சிவப்பு.

"மே மோலியேஹி, இது ஏன் இப்படி?"

அடியில் ஒரு கடிதம் இருந்தது.
ஹால்வர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
ஆங்கிலம் அவருக்கும் எனக்கும் இரவல்,
அதனாலேயே நன்றாகப் புரிந்தது.
பின்னியது மனைவி.
நீல நூல் தீர்ந்தபோது கடைக்குப் போகத் தெம்பில்லை,
கையில் கிடந்த சிவப்பில் முடித்துவிட்டாள்.
அது செப்டம்பர்.
'அடுத்த வருஷம் கையுறை இருக்காது, மன்னிக்கவும்.'

ஏன் இருக்காது என்று அவன் கேட்கவில்லை.
ஒன்பது வயது. இந்த ஒரு பாடத்தில்
அவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.
"அவருக்கு யார் சமைக்கிறார்கள்?" என்றான்.
தெரியாது என்றேன்.
"ராத்திரியில்?"
அதுவும் தெரியாது.

டிசம்பரில் என்றால் அளவாக இருந்திருக்கும்.
இப்போது மணிக்கட்டு வெளியே தெரிகிறது.
இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டு
குழாயடியில் உறைந்ததை உடைக்கப் போனான்.
எடுத்த படத்தில் முகம் விழவில்லை,
வாளியைப் பிடித்த ஒரு சிவப்பு விரல் மட்டும்.
அதையே ஒட்டினேன்.

தேவைகள் என்ற கட்டத்தில்
'பேட்டரி, சிறியது, இரண்டு' என்று எழுதினேன்.
அவன் எழுதச் சொன்னதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில், எழுத்தைக் குறுக்கி, நெருக்கி எழுதினேன்:

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?