அடித்த கணக்கு

மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள்
பழுப்புக் கண்ணாடிப் புட்டியில்
பூம்பாறை ஓடையை முக்கி எடுத்தார்கள்.
பிளாஸ்டிக் ஆகாதாம், ஒட்டிக்கொள்ளுமாம்.
ஈயத்தாள் வைத்து மூடி
ஐஸ் பெட்டிக்குள் படுக்கவைத்துவிட்டு
என்னைத் தேடி வந்தார்கள்.
"எந்த வருஷம், எத்தனை மூட்டை?"

மருந்துக் கடையில் பதினேழு வருஷம் கணக்கெழுதினேன்.
மருந்து என்றுதான் பில் போட்டோம்.
முதலாளி போய்விட்டார், கடையில் இப்போது செல்போன் விற்கிறது.
கடன் நோட்டுகள் என் கட்டிலுக்கடியில்.

வாசித்தேன்.
குழந்தைவேலு, மேல்தோட்டம், உருளைக்கு, தூள் நாலு மூட்டை.
மாசானம், பூண்டுக்கு, இரண்டு. பாக்கி.
கொம்பையன், தூள் ஒன்று, டின் ஒன்று,
காலி டின் திரும்பவில்லை.
அந்த டின்னில்தான் அவர் வீட்டில்
குளிக்க வெந்நீர் மொண்டார்கள்.
நோட்டில் அதற்குக் கலம் இல்லை.

பூண்டு விற்ற மறுநாள் வருவார்கள்.
பணத்தை எண்ணி வைத்து
"அடிச்சிருங்க" என்பார்கள்.
சிவப்பு மையில் ஒரு கோடு.
தோட்டத்தில் அடித்ததற்கும் அதே சொல்தான்.
நோட்டில் அடித்தது அன்றோடு தீர்ந்தது.
மற்றது தீரவில்லை என்கிறார்கள் இவர்கள்.
தடை வந்து இத்தனை வருஷம் கழித்தும்
ஓடைச் சேற்றில் படுத்திருக்கிறதாம்,
மழைக்கு எழுந்து அமராவதிக்கு இறங்குமாம்.
தண்ணீரில் கரையாது, சார்.
கொழுப்பில் கரையும். மீன் கொழுப்பு, மாட்டுப் பால்.
கரைந்து, தங்கும்.

பக்கம் புரட்டினேன்.
என் கையெழுத்தில் என் பெயர்:
சொந்த உபயோகம். தூள் அரைக் கிலோ. இனாம்.

மூட்டைப்பூச்சிக்கென்று எடுத்துப்போனது.
மிச்சம் இருந்தது.
தங்கரதி தலையில் பேன், மறுநாள் பள்ளியில் போட்டோ.
துணியில் முடிந்து
மாவு சலிப்பதுபோல் தட்டினேன் நான்தான்.
ஈரத்துண்டை இறுகக் கட்டி
விடியவிடிய வைத்திருந்தோம்.
போட்டோவில் இரட்டைச் சடை, சிரிக்கிறாள்.
ஒரு பேன் இல்லை.

அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.
"அவ்வளவுதானா சார்?"
அவ்வளவுதான்.

ராத்திரி வத்தலக்குண்டிலிருந்து போன்.
பேத்தி பிறந்து இருபதாம் நாள்.
"பால் நல்லா ஊறுதுப்பா,
வாயே எடுக்க மாட்டேங்கறா" என்று
அதே சிரிப்பு.
நல்லதும்மா என்றேன்.
வேறு என்ன சொல்ல?

முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது.
பனி விலகாத ரோட்டில் நிற்கிறேன்.
பையில் அந்த நோட்டு,
அந்தப் பெண்களின் மதுரை முகவரி.
இனாம் என்று எழுதியது என் கை.