சராசரி ஆரம்

பொழிக்கரைக்கு மேற்கே சவுக்குத் தோப்பு.
முதல் வரிசை, பதினேழாவது மரம்.
கிளை முடியும் இடத்துக்கு நேர்கீழே
நாடாவின் நுனியை மணலோடு சேர்த்து
மிதித்துக்கொண்டு நிற்கிறாள் பிரிஜிட்.
"கடல் பக்கம் நாப்பது."
"கரைப் பக்கம்?"
"நூத்திப் பத்து. இதுக்கு ஒரு பக்கம் மண்டையே இல்லியே சாரே."

கூட்டிப் பாதியாக்கினேன்.
முக்கால் மீட்டர்.
அந்த ஆரத்தில் ஒரு வட்டம்
தாளில் லட்சணமாக உட்கார்ந்தது.
மணலில் அப்படியொரு நிழல்
எந்த நேரத்திலும் விழவில்லை.

தடியின் சுற்றளவைக் கொடுத்தால்
கவிகையின் அகலத்தைச் சொல்லும்
சமன்பாடு ஒன்று வைத்திருந்தேன்.
உள்வரிசைகளுக்கு அச்சொட்டாகச் சொன்னது:
ஒன்றையொன்று முட்டாமல்
நடுவே ஒரு சாண் வானம் விட்டு
கீழ்க்கிளை காய்ந்து
உச்சியில் மட்டும் பச்சை தேக்கிய மரங்கள்.
முதல் வரிசைக்கு மட்டும்
ஒவ்வொரு தடவையும் பொய்.
அதற்குப் பிழை என்று பெயரிட்டு
தனிக் கட்டத்தில் போட்டுவைத்தேன்.

குத்தகை எடுத்த வறுவேலுக்கு
எடைதான் கணக்கு.
"எது சாரே தேறாது?"
தாளைப் பார்த்துச் சொன்னேன்.
குட்டை, கோணல், கவிகை போதாது,
இனிப் பருக்காது.
சமன்பாடும் நானும் ஒரே குரல்.

சித்திரை முடியுமுன்
முதல் வரிசை லாரியேறிப் போனது.

அப்புறம் கச்சான் வந்தது.

பதினாலு மாதம் கழித்து அதே தோப்பு.
பதினேழின் முதுகுக்குப் பின்னால் நின்ற மரம்.
போன தடவை நாலு பக்கமும் தொண்ணூற்றைந்து.
"கடல் பக்கம் அம்பத்திரண்டு."
திரும்பக் கேட்டேன்.
"அம்பத்திரண்டாக்கும். காது கேக்கல்லியா?"
நுனிகள் கருகி உப்புப் பூத்திருந்தன.
ஒன்றை ஒடித்து நக்கிப் பார்த்துத் துப்பினாள்.
வறுவேல் வரவில்லை.
அவர் மரத்துக்கு அவர் காசு வாங்கியாயிற்று.

ராத்திரி அறையில் அட்டவணையைத் திறந்து
புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்.
தலைப்பு: கடலிலிருந்து எத்தனையாவது.
ஒவ்வொரு மரமாக எண் கொடுத்து வந்தவன்
இப்போது முன்னால் நிற்கும் வரிசைக்கு
ஒன்று என்று போடுவதா
இரண்டு என்று போடுவதா தெரியாமல்
வெகுநேரம் கர்சர் துடிப்பதைப் பார்த்திருந்தேன்.

காலையில் மறுபடி நாடா பிடித்தோம்.
காற்றில் அது தொப்பை போட்டு
மூன்று சென்டிமீட்டர் கூட்டிக் காட்டியது.
"இத எழுதவா, விடவா?" என்றாள் பிரிஜிட்.