பாக்கி: பதினொரு யானை

பெருவரலாற்றில் அவனுக்கு ஒன்றரை வரி.
"வீரைமுறிப்பு வீரகத்தி, ஏழு குளத்துக்கு உடையான்.
திறை பாக்கி பதினொரு யானை. பின்பு அவன்"
அதற்குமேல் கறையான்.

நான் அவனுடைய கணக்கன்.
கறையான் தின்ற இடத்தில்
எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

பெயரில்தான் கத்தி.
இடுப்பில் செருகியிருந்தது ஓலை வாரும் சத்தகம்.
இடக்கை சூம்பல்:
பாலைப்பழக் காலத்தில் ஒரே மரத்துக்கு
அவனும் ஒரு கரடியும் ஆசைப்பட்டார்கள்.
பாணர்கள் அதைப் போர் என்று பாடினார்கள்.
அவன் திருத்தவில்லை.
கரடியை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வன்னியில் யானை செத்தால்
நாங்கள் குழி வெட்டுவதில்லை.
விழுந்த இடம் தானே பதியும்.
மாரி நிரப்பும்.
மூன்றாம் வருஷம் வான் பாயும்.
குளமென்று நீங்கள் சொல்வது எங்களுக்கு ஒரு வயிறு,
அலைகரை, மடக்கிவைத்த தும்பிக்கை.
துருசு திறக்கும்போது
காது அசைகிற சத்தம் கேட்கும்.

கடலோரக் கோட்டையிலிருந்து
தண்டலாளன் விசையதரன் வந்தான்.
முந்நூறு பேர், மான்தோல் கயிறு,
பதினொரு சோடி கால்விலங்கு.
வீரகத்தி அவர்களைக் கரையேற்றிக் காட்டினான்:
"ஏழு நிற்குது, கட்டிக்கொண்டு போங்கோ.
மிச்சம் நாலும் இன்னும் சாகவில்லை."

சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், ஏட்டால் வாயை மறைத்து.
விசையதரனும் பகிடி தெரிந்தவன்.
கயிற்றில் சுருக்குப் போட்டுத்
தண்ணீருக்கு மேல் எறிந்தான்.
மறு நுனியைத் தன் குதிரையில் கட்டிவிட்டுப்
படுக்கப் போனான்.

நடுச்சாமம் தவளைகள் நின்றன.

முதலில் முன்னங்கால்கள்.
தாமரை இலைகள் முதுகால் வழுக்கி விழுந்தன.
விரால்கள் சேற்றில் அடித்துக்கொண்டன.
நிலா உள்ளே தெரிய,
தண்ணீர் எழுந்து நின்றது.
இழுக்கவே இல்லை, கயிறு தளர்ந்தபடியே
குதிரைக்குப் பின்னால் நடந்தது,
நல்ல பழக்கமுள்ள யானை மாதிரி.

அந்த நேரம் எங்கள் நெல்லு குடலைப் பருவம்.

ஓடினான்.
அவன் ஓடி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.
காட்டுக்குள்ளே இரண்டு கட்டை,
முள்ளு, இருட்டு, செருப்பில்லை.
கோட்டைப் படை கூடாரம் அடித்திருந்த
அயல்பற்றுப் பள்ளத்தில் எட்டிப்பிடித்து
ஒற்றைக் கையால் சத்தகத்தை வைத்து அறுத்தான்.
மான்தோல் லேசில் அறாது.
கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி அறுத்தான்.

கயிறு விட்டதும் யானை
நின்ற இடத்திலேயே படுத்தது.

அவ்வளவுதான் போர்.
வாள் ஒன்றும் உறையைவிட்டு வரவில்லை.
முந்நூறு பேர் நித்திரையில் இருந்தார்கள்.

விடியப் பார்த்தால்
அயல்பற்றுக்காரனுக்குப் புதுக்குளம்.
எங்களுக்கு வெடித்த சேறும்
முறிப்பு என்ற பெயரும்.
அந்தப் போகம் முழுக்கப் பதர்.
சனம் அவனை வாழ்த்தவும் இல்லை, ஏசவும் இல்லை,
விளாங்காய் பொறுக்கக் காட்டுக்குப் போனது.
பிறகு இருபத்தாறு வருஷம்
தண்ணீர் விடச் சொல்லி
அயலானுக்கு ஓலை எழுதியதுதான் அவனுடைய ஆட்சி.
எழுதியவன் நான். பதில் இரண்டு வந்தது.

அந்தக் குளத்தில் அவன் கால் நனைக்கவில்லை.
ஒருநாள் என்னைக் கூப்பிட்டு,
"முந்நூறு பேரின் பெயரும் எழுது" என்றான்.
எங்களுக்குத் தெரிந்தது ஒரே பெயர், விசையதரன்.
நெடுநேரம் யோசித்தபின்
"பின்னேரம் ஒரு பொடியன் வந்தானே" என்றான்,
"கஞ்சிக்கு உப்புக் கேட்டு. பல்லு மிதந்தவன்."

கோட்டையின் ஏட்டில் இன்றைக்கும்
பதினொரு யானை நிலுவையில் நிற்கிறது.
எங்கள் ஏட்டில் அந்தத் தேதிக்கு நேரே
நான் எழுதியது:
உப்பு, ஒரு சிரட்டை.
கொடுத்தது.
சிரட்டை திரும்பவில்லை.